எல்லாவற்றுக்கும் ‘கவனிக்கவும்’ என்ற கம்பைலர்

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள்: முதலாளி. கம்பைலர் எழுதிய பெண். என்னோடு பிட்டராக இருந்த குச்சனூர் பெருமாள். சொட்டுநீர்ப் பாசனப் பெட்டியைப் பழுது பார்க்கக் கொண்டுவந்திருந்த சுருளிப்பட்டி திராட்சைக்காரர் செல்லத்துரை. நான்.

தேனி பைபாஸ் பக்கம், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடி. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் கட்டடம் அப்போது இல்லை.

புதிதாக வேலைக்கு வந்த உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொன்னார்கள். நான் பேசுகிற ஆள் இல்லை. எட்டாவதோடு நின்றவன். எழுதித் தருகிறேன் என்றேன். வயர் மாட்டியது, கழற்றியது எல்லாம் எழுத வேண்டியதில்லை, நீங்களே பார்ப்பீர்கள். அந்த ஒரு நாளையும் அதற்குப் பிறகு வந்த சங்கதியையும் மட்டும் எழுதுகிறேன்.

போடி பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரிலிருந்து போன் வந்தது. காய் உலர்த்தும் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். விறகு அடுப்பு வெளியே எரியும். சூட்டை விசிறி உள்ளே தள்ளும். தட்டுத் தட்டாகப் பச்சைக்காய் அடுக்கியிருக்கும். சூடு அளவோடு இருந்தால் காய் பச்சை மாறாமல் காயும். கூடினால் வெளுக்கும், வெடிக்கும், கருகும். சூட்டைப் பார்த்துக்கொள்ளும் பெட்டியைத்தான் நாங்கள் செய்து மாட்டினோம். அளவு தாண்டினால் பெட்டி மேல்கதவைத் திறந்து சூட்டை வெளியே விடவேண்டும், சங்கை ஊதவேண்டும்.

அந்த ஸ்டோரில் சூடு எழுபதுக்குப் போயிருக்கிறது. கதவு திறக்கவில்லை. சங்கு ஊதவில்லை. ஒரு அறைக் காய் முழுக்கப் போய்விட்டது.

முதலாளி போனை வைத்தார். யாரையும் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

கம்பைலர் எழுதிய பெண் அந்த ஸ்டோரின் புரோகிராமை எடுத்தாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அதனால் போடவில்லை. என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள். எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். எங்கள் பெட்டிக்கென்று ஒரு சின்ன மொழியை அவளே செய்திருந்தாள். சூடு, கதவு, விசிறி, திற, நிறுத்து என்று தமிழ்ச் சொற்கள். என்னைப் போல ஆட்களும் எழுதலாம். நாங்கள் எழுதியதைப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். எழுத்தில் தப்பு இருந்தால் கம்பைலர் நின்றுவிடும். தப்பு இல்லை, ஆனால் சந்தேகம் என்றால் நிற்காது. ‘வரி 12: கவனிக்கவும்’ என்று சொல்லிவிட்டு வேலையை முடித்துவிடும்.

இந்தக் ‘கவனிக்கவும்’தான் எங்களுக்குத் தொல்லை. எட்டு சென்சாருக்குப் பெயர் போட்ட ஒரு மாதிரிப் புரோகிராமை வைத்துக்கொண்டுதான் எல்லோரும் எழுதுவோம். மலையில் எந்த ஸ்டோரிலும் எட்டு சென்சார் கிடையாது. மூன்று இருந்தால் அதிகம். பயன்படாத ஒவ்வொரு பெயருக்கும், அதைத் தொட்ட ஒவ்வொரு வரிக்கும் ‘கவனிக்கவும்’ வரும். ஒரு புரோகிராமுக்கு அறுபது, எழுபது. திரை நிறைய ஒரே சொல்.

ஆரம்பத்தில் அந்தப் பெண்ணே ஒரு வழி செய்து கொடுத்தாள். முதல் வரியில் ‘போதும்’ என்று எழுதினால் எச்சரிக்கை எதுவும் வராது. அவசரத்துக்கு என்றுதான் சொன்னாள். நாங்கள் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி எல்லாப் புரோகிராமுக்கும் முதல் வரியில் ‘போதும்’ போட்டோம். எனக்குப் பிறகு வந்த பிட்டர்களுக்கு அது எதற்கு என்றே தெரியாது. போட்டால்தான் பெட்டி ஓடும் என்று நினைத்தார்கள்.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“இங்கன பாருங்கண்ணே. இருபத்தெட்டாவது வரி. சூடு நாப்பத்தஞ்சைத் தாண்டினா விசிறியைக் கூட்டு. சரியா?”

“சரி.”

“முப்பத்தொண்ணாவது வரி. அது இல்லேன்னா, சூடு அம்பத்தெட்டைத் தாண்டினா கதவைத் திற, சங்கை ஊது.”

பெருமாள் எட்டிப் பார்த்தான். “சரியாத்தான தாயி இருக்கு?”

“அம்பத்தெட்டு நாப்பத்தஞ்சைத் தாண்டினதுதான?”

பெருமாளுக்குப் பிடிபடவில்லை. எனக்கும் கொஞ்ச நேரம் ஆனது. செல்லத்துரைதான் முதலில் சொன்னார். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு கிளம்ப வந்தவர், கிளம்பாமல் நின்றிருந்தார்.

“முன்னாடி நிக்கிறவனே எல்லாத்தையும் வாங்கிக்கிர்றான். பின்னாடி நிக்கிறவனுக்கு வரவே வராது. அதான தாயி?”

“அதேதான்.”

சூடு ஐம்பத்தெட்டு ஆனாலும் எழுபது ஆனாலும் முதல் வரியே அதைப் பிடித்துக்கொண்டு விசிறியைக் கூட்டும். கதவு திறக்கும் வரிக்குப் பேச்சு போகவே போகாது. விறகு மிச்சமாகும் என்று அந்த விசிறி வரியைப் போன எடுப்புக்கு, அதாவது போன காய்ப் பறிப்புக்கு, முன்னால் புதிதாகச் சேர்த்திருந்தோம். சேர்த்த இடம் தப்பு. ஈர விறகு எரிந்தவரை சூடு அவ்வளவு ஏறவில்லை, தெரியவில்லை. வெயிலில் காய்ந்த விறகு வந்தது, தெரிந்துவிட்டது.

அவள் முதல் வரியிலிருந்த ‘போதும்’ என்பதை எடுத்துவிட்டுக் கம்பைலரை ஓட்டினாள். அறுபத்து மூன்று ‘கவனிக்கவும்’. அதற்கு நடுவில் வரி 31.

“சொல்லியிருக்கு” என்றான் பெருமாள்.

“சொல்லித்தான் இருக்கு. நாமதான் வாயைப் பொத்தி வச்சிருந்தோம்” என்றாள் அவள்.

முதலாளி அப்போதுதான் பேசினார். “இந்த விசிறி வரி எத்தனை ஸ்டோர்ல இருக்கு?”

நாற்பத்திரண்டு.

எடுப்பு நேரம். நாற்பத்திரண்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எதில் வரி சரியான இடத்தில் இருக்கிறது, எதில் தப்பான இடத்தில் இருக்கிறது என்று தெரியாது. நாங்கள் நான்கைந்து பிட்டர்கள், ஆளுக்கொரு மாதிரி எழுதுவோம். ஒருவன் நாற்பத்தைந்து என்பான், ஒருவன் ‘வேலைச்சூடு’ என்று பெயர் வைத்திருப்பான். சொல்லை வைத்துத் தேடினால் கிடைக்காது.

“எல்லாருக்கும் போனைப் போட்டு அடுப்பை அணைக்கச் சொல்லுங்கய்யா” என்றார் முதலாளி.

“அணைச்சா பச்சைக்காய் புழுங்கிரும் மொதலாளி” என்றேன். “பாதி காஞ்ச காய் கறுத்துப் போயிரும். நல்லா ஓடுற ஸ்டோரையும் நாமளே கெடுத்த மாதிரி ஆகும்.”

“அப்ப பார்த்துக்கச் சொல்லு. சூட்டைப் பார்த்துக்கிட்டே இருங்கன்னு எல்லாருக்கும் சொல்லு.”

பெருமாள் முதல் எண்ணை அழுத்தினான். ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணே, நான் பெருமாள், பெட்டி ஆபீஸ். சூட்டைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்க.”

“நாங்க எப்ப கவனிக்காம இருந்தோம்? வேற சோலி இல்லையா ஒனக்கு?”

வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது ஸ்டோரில், “கவனிக்கத்தானய்யா பெட்டி வாங்கினோம்?” என்றார்கள்.

மூன்றாவதில் எடுத்தவர் சிரித்தார்.

பெருமாள் போனைக் கீழே வைத்தான். அந்தப் பெண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம கம்பைலர் நமக்குச் சொன்னதைத்தாண்ணே நீங்க அவுகளுக்குச் சொல்றீக” என்றாள்.

அடுத்து அவள் சொன்னது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. “எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க. கம்பைலரைத் திருத்துறேன்.”

“அங்க காயி கருகுது, நீ இங்கன உக்காந்து கம்பைலரைத் திருத்துறேங்கிற?”

“கம்பைலருக்கு எது என்ன சந்தேகம்னு உள்ள தெரியும். வெளிய சொல்றப்ப எல்லாத்துக்கும் ஒரே சொல்லைச் சொல்லுது. நான் அப்பிடி எழுதிவச்சேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுத்துட்டா, பேச்சே போகாத வரியை மட்டும் தனியா எடுத்துரலாம். நாப்பத்திரண்டுலயும்.”

“கண்ணால படிச்சா?”

“ரெண்டாயிரத்து அறுநூறு வரி வரும்.”

முதலாளி கண்ணாலும் படிக்கச் சொன்னார். அவள் பக்கம் அவள், எங்கள் பக்கம் நாங்கள். தப்பில்லை, அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். நாற்பத்திரண்டு புரோகிராமிலும் ‘போதும்’ எடுத்து, வந்ததை அச்சடித்துப் பிரித்துக்கொண்டோம். செல்லத்துரையும் ஒரு கட்டு வாங்கிக்கொண்டார்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். வரி எண்ணைப் பார்ப்பது, புரோகிராமில் அந்த இடத்துக்குப் போவது, என்ன என்று யோசிப்பது. சென்சார் பெயர். அடுத்தது. சென்சார் பெயர். அடுத்தது. இரண்டாம் பக்கத்தில் கண் தானாக ஓடியது. மூன்றாம் பக்கத்தில் எழுத்து இருந்தது, நான் அங்கே இல்லை. ஒரு ஸ்டோரே கருகிக்கொண்டிருக்கலாம் என்று தெரிந்தும் அப்படி.

“எங்க ஊர்ல ஒரு மைக் செட்டு இருக்கு” என்றார் செல்லத்துரை, தாளைப் புரட்டிக்கொண்டே. “விடிஞ்சதுல இருந்து அலறும். காணாமப் போன மாட்டைப் பத்தியும் அதுலதான் சொல்லுவாக. எவன் கேட்டான்? மாடே திரும்பி வந்து நின்னாத்தான் உண்டு.”

பெருமாள் மட்டும் சிரித்தான்.

நாங்கள் பன்னிரண்டு ஸ்டோர் முடித்திருந்தோம். தப்பு என்று ஒன்றைக் கண்டுபிடித்திருந்தோம். அப்போது அவள் “முடிஞ்சது” என்றாள்.

கம்பைலருக்குள் முப்பத்தோரு இடத்தில் ‘கவனிக்கவும்’ எழுதியிருந்தாள். முப்பத்தொன்றுக்கும் தனித்தனி எண், தனித்தனி வாக்கியம். பேச்சு போகாத வரிக்கு எண் 9. நாற்பத்திரண்டு புரோகிராமையும் ஓட்டி, 9 மட்டும் காட்டு என்றாள். திரையில் ஆறு வரி வந்தது. ஆறு ஸ்டோர்.

எங்கள் பன்னிரண்டில் அவள் கணக்குப்படி இரண்டு இருந்தது. ஒன்றை நாங்கள் தாண்டிப் போயிருந்தோம். நான் படித்த கட்டா, பெருமாள் படித்த கட்டா என்று பார்க்கவில்லை. பார்த்து ஆவது ஒன்றுமில்லை.

ஆறில் ஒன்று ஏற்கெனவே கருகிய போடி ஸ்டோர். நான்குக்குப் பெருமாள் போன் போட்டான். இந்த முறை அவன் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

“அண்ணே, ஒங்க பெட்டி மேல்கதவைத் தொறக்காது. அம்பத்தெட்டுக்கு மேல போனா நீங்கதான் கையால தொறக்கணும். இப்ப எத்தனை காட்டுது?”

யாரும் சிரிக்கவில்லை. யாரும் வேறு சோலி இல்லையா என்று கேட்கவில்லை. ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எண்ணைச் சொன்னார்கள்.

ஆறாவது, கம்பமெட்டுக்கு மேலே ராசம்மா ஸ்டோர். போன் போகவில்லை. அங்கே ஸ்டோருக்குள் சிக்னல் கிடைக்காது, ரோட்டுக்கு வந்தால்தான் கிடைக்கும்.

ராசம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அனுமந்தன்பட்டிக்காரி. சொந்தத் தோட்டம் கிடையாது, ஸ்டோர் மட்டும்தான். சுற்றியிருந்த சின்னத் தோட்டக்காரர்கள் பத்தொன்பது பேர் அவளிடம் காய் கொடுத்துக் கூலிக்கு உலர்த்தினார்கள். எரிகிற அடுப்பு அவளுடையது, உள்ளே இருக்கிற காய் அத்தனையும் ஊராருடையது. போடிக்காரர் ஒரு அறை போனால் அடுத்த எடுப்பில் பார்த்துக்கொள்வார். இவளுக்கு ஒரு முறை கருகினால் அடுத்த எடுப்புக்கு யாரும் காய் கொண்டுவர மாட்டார்கள். ஸ்டோரைப் பூட்ட வேண்டியதுதான்.

“எதுல போவீக? என் ஜீப்பு கீழதான் நிக்கிது” என்றார் செல்லத்துரை.

லேப்டாப்பையும் வயரையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவள் புதுக் கம்பைலரை அதில் ஏற்றிக் கொடுத்தாள். உத்தமபாளையம் தாண்டினோம். கம்பத்தைக் கடந்து மலை ஏறும்போது செல்லத்துரை கேட்டார்.

“ஏன்யா, என் திராட்சைத் தோட்டத்துப் பெட்டியிலயும் அந்தப் போதும் இருக்கா?”

“இருக்கு.”

“நல்லாருக்கு போங்க” என்றார். கொண்டை ஊசி வளைவில் கியரை மாற்றினார்.

ராசம்மா ஸ்டோர் முற்றத்தில் சாக்கு உதறிக்கொண்டிருந்தாள். அடுப்பு பார்க்கிறவர் மலையாளத்துக்காரர். எல்லோரும் சேட்டன் என்பார்கள். அவர் பீடி பற்றவைத்தபடி கட்டையில் உட்கார்ந்திருந்தார்.

“சூடு எத்தனை சேட்டா?”

“அதொக்கெ பெட்டி நோக்கும்” என்றார். அதையெல்லாம் பெட்டி பார்த்துக்கொள்ளுமாம்.

உள்ளே போனேன். அறுபத்தொன்று. வாடை மாறியிருந்தது. பச்சை வாசம் போய், வறுபடுகிற வாசம். மேல்கதவைத் திறக்கிற கயிற்றைத் தேடினேன். பெட்டி மாட்டும்போதே, மின்சாரம் போனால் கையால் இழுக்க ஒரு கயிறு விட்டிருப்போம். கயிறு இல்லை.

“கயிறு எங்கம்மா?”

“பெட்டி வந்துருச்சே, இனி எதுக்குன்னு துணி காயப்போட எடுத்துட்டேன்” என்றாள் ராசம்மா. “ஏன், என்னாச்சு?”

“பெட்டி கதவைத் தொறக்காது. ஏணி இருக்கா?”

“தொறக்காதா? எப்ப இருந்து?”

“போன எடுப்புல இருந்து.”

ஏணியை அவளே தூக்கி வந்தாள். செல்லத்துரை கொடியில் காய்ந்த சேலை, வேட்டியோடு கயிற்றை அறுத்து இழுத்தார். “ஏலே, என் வேட்டி!” என்று சேட்டன் மலையாளத்தை மறந்து கத்தினார். நான் ஓட்டில் ஏறிக் கதவை நெம்பித் திறந்து, அந்தக் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். முகத்தில் சூடு அடித்தது. கீழே சேட்டனிடம் விறகை வெளியே இழுக்கச் சொன்னேன்.

“முழுசா இழுக்காத” என்று ராசம்மா கீழிருந்து சத்தம் போட்டாள். “அணைஞ்சா புழுங்கிரும். ரெண்டு கட்டையை விட்டுட்டு மத்ததை இழு.”

அவள் சொன்னதுதான் சரி. ஐம்பதுக்கு இறங்கியதும் கதவைப் பாதி சாத்தினோம். பிறகு லேப்டாப்பை மாட்டினேன். கதவு வரியை மேலே தூக்கி, விசிறி வரியைக் கீழே போட்டேன். முதல் வரியிலிருந்த ‘போதும்’ என்பதை எடுத்தேன். ஓட்டினேன். 9 வரவில்லை. மற்ற எண்கள் வந்தன. அவற்றை மூடவில்லை, அப்படியே பெட்டியில் ஏற்றினேன்.

அடுப்புக் குழாயை ஒட்டியிருந்த வரிசையில் பதினேழு தட்டு கருகிவிட்டது. தட்டில் சாக்கட்டியால் பெயர் எழுதியிருந்தது. நான்கு பேருடைய காய்.

ராசம்மா தட்டை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். அழவில்லை. “இந்த நாலு பேருக்கும் நான் என்னத்தைச் சொல்லுவேன்?” என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, தட்டைப் பார்த்துக் கேட்டாள். “பெட்டி கோளாறுன்னு சொன்னா, பெட்டியை ஏன் நம்பினேம்பாக. என் கோளாறுன்னு சொன்னா, ஒன்னை ஏன் நம்பினோம்பாக.”

லேப்டாப்பையும் வயரையும் எடுத்துக்கொண்டேன். இறங்கி வந்துவிட்டேன்.

அலுவலகத்தில் அடுத்த வாரம் சண்டை. முதலாளி, இனி ‘போதும்’ என்ற சொல்லே மொழியில் இருக்கக்கூடாது என்றார். முப்பத்தோரு எச்சரிக்கையையும் பிழையாக மாற்று, ஒன்று வந்தாலும் கம்பைலர் நிற்கட்டும் என்றார்.

அந்தப் பெண் மறுத்துவிட்டாள். “எல்லாத்தையும் பிழையாக்கினா, எல்லாத்தையும் ஏமாத்த ஒரு வழி கண்டுபிடிப்பாக. பெருமாளண்ணே ஒரே நாள்ல கண்டுபிடிப்பாக.”

“ஒரு நாளெல்லாம் ஆகாது” என்றான் பெருமாள்.

அவள் செய்தது இதுதான். 9 என்ற எண்ணையும் அதே போல ஆபத்தான இன்னொன்றையும் மட்டும் பிழை ஆக்கினாள். அவற்றை யாரும் மூட முடியாது. மற்றவற்றை மூடலாம். ஆனால் மொத்தமாக இல்லை. ‘போதும் 14’ என்று எண்ணோடு எழுத வேண்டும். அது அடுத்த ஒரு வரிக்கு மட்டும்தான் செல்லும். பக்கத்திலேயே ஏன் என்று காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாவிட்டால் கம்பைலர் எடுக்காது. மாதிரிப் புரோகிராமிலிருந்து எட்டு சென்சாரையும் தூக்கிவிட்டாள், இருக்கிற சென்சாருக்கு மட்டும் பெயர். அதிலேயே முக்கால்வாசிச் சத்தம் அடங்கிவிட்டது.

காரணத்தைக் கம்பைலர் படித்துப் பார்க்குமா என்று பெருமாள் கேட்டான். பார்க்காது என்றாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது. முதல் மாதம் அவன் எழுதிய காரணங்களில் ஒன்று ‘சரியாத்தான் இருக்கு’. இன்னொன்று ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு’.

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று. மூடிய எச்சரிக்கைகளையும் காரணத்தையும் எழுதியவர் பெயரையும் கம்பைலரே ஒரு தாளில் அச்சடிக்கும். அதைப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டித்தான் அனுப்புவார்கள். பத்து நாள் கழித்துக் குமுளிப் பக்கமிருந்து ஒருவர் போன் செய்தார்.

“பெருமாள்ங்கிறது யாருங்க?”

“நான்தாண்ணே.”

“பஸ்ஸு கிடைச்சிச்சா?”

பெருமாள் அன்றைக்கே மலையேறிப் போய் அந்த வரியைப் பார்த்து, ஒழுங்கான காரணம் எழுதிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவன் எழுதிய காரணங்களைத்தான் உங்களுக்கு மாதிரியாகத் தந்திருக்கிறார்கள். குச்சனூர்க்காரர்கள் சனீஸ்வரர் கோயிலையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பயப்படாதவர்கள். இவன் ஒரு துண்டுத் தாளுக்குப் பயந்தான்.

எனக்கும் முதலில் இந்த முறை பிடிக்கவில்லை. எட்டாவது படித்தவனுக்கு ஒரு வரி எழுதுவதே வேலை, அதற்குக் காரணம் வேறு எழுத வேண்டும் என்றால்? அவளிடமே கேட்டேன்.

“காரணம் எழுத வரலேன்னா, மூடாதீகண்ணே. திறந்தே கெடக்கட்டும்” என்றாள்.

அதற்கப்புறம் எனக்குத் தெரியாததைத் திறந்தே விட்டேன். நீங்களும் அதைச் செய்யலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி ராசம்மா சங்கதி.

அடுத்த எடுப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவளிடமிருந்து ஆள் வந்தது. தோட்டக்காரர்கள் பத்தொன்பது பேரும் ஸ்டோரில் கூடுகிறார்கள். பெட்டிக்காரர் யாராவது வந்து பேசவேண்டும் என்று கேட்கிறார்கள். வராவிட்டால் எல்லோரும் காயை வேறு ஸ்டோருக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு.

கருகிய நான்கு பேருக்கு ராசம்மா தனக்குக் கூலியாகக் கிடைத்த காயிலிருந்து ஈடு கொடுத்துவிட்டாள். ஆனாலும் அவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலாளி என்னைத்தான் போகச் சொன்னார். “இனி கருகாதுன்னு சொல்லிரு. கோளாறைச் சரி பண்ணியாச்சுன்னு சொல்லு. மத்தது ஒண்ணும் பேச வேணாம்.”

கோளாறைச் சரி செய்தது உண்மை. ஆனால் ராசம்மா பெட்டியின் தாளில் மூன்று எச்சரிக்கை மீதம் இருந்தது. புது முறை வந்ததும் மூன்றையும் நானே காரணம் எழுதி மூடியிருந்தேன். ஜீப்பில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அவள் ஸ்டோர் போனாலும் போகும். சொல்லாவிட்டால் இந்த எடுப்புக்குத் தப்பும். அவளிடமாவது முதலில் கேட்டுவிடலாம் என்று போனதும் தனியே கூப்பிட்டேன்.

“பெட்டி பார்க்காதது மூணு இருக்கும்மா. சொல்லணுமா, வேண்டாமான்னு நீ சொல்லு.”

ராசம்மா முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள்.

“சொன்னா போயிருவாக” என்றாள்.

“போகலாம்.”

“சொல்லாட்டி?”

“இருப்பாக.”

“மறுபடி கருகினா?”

நான் மேல்கதவை அண்ணாந்து பார்த்தேன்.

“சொல்லிரு” என்றாள். “ஆனா நல்லாச் சொல்லு. கம்ப்யூட்டர் பேச்சுல பேசாத.”

போய் நின்றேன். ஒரு தோட்டக்காரர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார். கருகிய நான்கு பேரில் ஒருவர்.

“இனி கருகாதுன்னு எழுதித் தருவீகளா?”

“தர மாட்டேன்” என்றேன்.

சத்தம் எழுந்தது. பெட்டிக் கதவைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த தாளை எடுத்து வாசித்தேன். எண்களையெல்லாம் விட்டுவிட்டு, பேச்சாக மாற்றிச் சொன்னேன்.

“ஒண்ணு. சூடு பார்க்க உள்ள ஒரே ஒரு சென்சார்தான் இருக்கு. அது முன்வரிசையில இருக்கு. பின்வரிசை சூடு பெட்டிக்குத் தெரியாது. ரெண்டு. விசிறியை நிறுத்துன்னு பெட்டி சொல்லும். விசிறி நெசமாவே நின்னுச்சான்னு பார்க்காது. மூணு. கரண்டு போயி வந்தா மேல்கதவு எப்பிடி இருக்குன்னு பெட்டிக்குத் தெரியாது. ஆளு போயிப் பார்க்கணும்.”

“அப்ப எதுக்குய்யா இந்தப் பெட்டி? நாங்களே பார்க்கணும்னா சேட்டனே போதுமே?” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“சேட்டன் பீடி குடிக்கப் போயிருவாரு” என்றார் இன்னொருவர். கொஞ்சம் சிரிப்பு வந்தது. சேட்டன் சிரிக்கவில்லை.

“மத்த எல்லாத்தையும் பெட்டி பார்க்கும்” என்றேன். “இந்த மூணை மட்டும் நீங்க பார்க்கணும். போன தடவை எதைப் பார்க்கணும்னு ஒங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதான் கருகுச்சு.”

“ஒங்க மொதலாளி இப்பிடிச் சொல்லச் சொன்னாகளா?”

“இல்ல.”

கேட்டவர் முதலில் எழுதித் தரச் சொன்ன அதே ஆள். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவர் பின்னால் இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை, இருக்கிறோம் என்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பின்வரிசையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். ராசம்மா எல்லோருக்கும் பால் இல்லாத கட்டன்சாயா கொடுத்தாள்.

திரும்பி வந்து முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். “போயிட்டு வந்துட்டீல்ல, பெட்டியை மாட்டுற வேலையைப் பாரு” என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் மட்டும் நான் வாசித்த மூன்றையும் ஒருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கம்பைலரின் வாக்கியத்தை எடுத்துவிட்டு, நான் சொன்ன மாதிரியே மாற்றி எழுதிக்கொண்டாள். இன்று உங்கள் திரையில் வருவது அதுதான்.

உங்களில் ஒரு பிள்ளை சென்ற வாரம் என்னிடம் கேட்டது: எச்சரிக்கையை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் காரணமும் எழுதி, இவ்வளவு வேலை எதற்கு, மொத்தமாக ஒரு சுவிட்ச் வைத்தால் ஆகாதா என்று. சுவிட்ச் வைத்திருந்தோம். நாற்பத்திரண்டு ஸ்டோருக்கும் சேர்த்துத்தான் வைத்திருந்தோம்.

அடுத்த எடுப்பு தொடங்கிய அன்று நான் கம்பமெட்டுக்குப் போகவில்லை. வேறு இடத்தில் வேலை இருந்தது. மதியத்துக்கு மேல் ராசம்மா ரோட்டுக்கு வந்து போன் செய்தாள். அடுப்பு பற்றவைத்தாயிற்று என்றாள். பத்தொன்பது பேரில் எத்தனை பேர் காய் கொண்டுவந்தார்கள் என்று கேட்டேன்.

பதினான்கு.